சீனி நுழையாத ஊர்

கடல் ஒரு பக்கமும் உப்பு மூன்று பக்கமுமாகக் கிடக்கும் உவர்க்கோட்டகத்தில், மாசி முடிந்து பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில், ராசாம்பாள் தன் கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று உப்பள வரப்பில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, வடகோடிப் பாத்தியிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டுக் கலக்கிக் குடித்தாள். கஞ்சி இனித்தது. இன்னொரு சிட்டிகை போட்டாள், இன்னும் இனித்தது. வெயிலில் நாக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்குவாளியைப் புருசன் வைரக்கண்ணுவிடம் நீட்ட, அவன் அதை மொத்தமும் குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பாத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இனிக்குதுதான்" என்றான். "பக்கத்துப் பாத்தியோட கலந்துராம தனியா வாரி வைப்போம்."

சொல்லிவிட்டு மரப்பலகையை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். பிறந்ததிலிருந்து உப்பில் நின்றவனுக்கு உப்பு என்னென்ன செய்யும் என்று தெரியும். ஒரு வருசம் சிவக்கும், ஒரு வருசம் கசக்கும், ஒரு வருசம் பூக்கவே மாட்டேனென்று பிடிவாதம் பிடிக்கும், இந்த வருசம் ஒரு பாத்தி இனிக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ராசாம்பாளுக்கு அது அவ்வளவுதான் அல்ல. அவள் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் தாரணிக்குச் சர்க்கரை நோய்.

வயசானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை அது. இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ஈர்க்குச்சியாய் இளைத்து, ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் சுருண்டு விழுந்து, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அங்கிருந்த டாக்டர் சொன்னார்: இந்தப் பிள்ளையின் உடம்பு இன்சுலினைச் சுரப்பதை நிறுத்திவிட்டது, இது யார் செய்த தப்பும் இல்லை, இனி ஆயுசுக்கும் ஊசிதான் சோறு மாதிரி. கூடவே இன்னொன்றும் சொன்னார். "ஊசி போட்டுட்டுச் சாப்பிடத் தாமதமானாலோ, ரொம்ப ஓடியாடினாலோ சர்க்கரை திடீர்னு இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அப்ப யோசிக்கவே கூடாது, சீனியைக் கரைச்சுக் குடுத்துரணும். மத்த நேரம் சீனி வேண்டாம். அந்த நேரம் அதுதான் மருந்து."

அன்றிலிருந்து அந்த வீட்டில் சீனி, ஆபத்துக்கு மட்டும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிற உறவுக்காரன்போல ஆகிவிட்டது. அடுப்படிப் பரணில் ஒரு டப்பா, பிள்ளையின் பாவாடைப் பையில் கைக்குட்டையில் முடிந்த ஒரு முடிச்சு. மற்றபடி பொங்கலுக்கு வெண்பொங்கல், தீபாவளிக்கு முறுக்கு. ராசாம்பாளும் இனிப்பை நிறுத்தினாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கையில் வாயில் போட எப்படி மனசு வரும்?

தாரணி அழுகிற பிள்ளை இல்லை. ஊசியைத் தானே போட்டுக்கொள்வாள். இன்சுலின் குப்பி இருந்தது சேக் தாவூதின் டீக்கடைப் பிரிட்ஜில், பால் பாக்கெட்டுகளுக்கு நடுவில். காலையிலும் மாலையிலும் ஓடிப்போய், "மாமா, என் பாலைக் குடுங்க" என்று கேட்டு வாங்கி வருவாள். சிரித்த முகம்தான். ஆனால் ஒருமுறை, யாரோ கல்யாண வீட்டிலிருந்து வந்த தாம்பூலப் பையில் இருந்த லட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, லட்டு முதல்ல நாக்குல இனிக்குமா, தொண்டையில இனிக்குமா?" ராசாம்பாளுக்கும் அது மறந்துபோயிருந்தது.

அதனால்தான் அந்தப் பங்குனி முற்பகலில் அவள் வரப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. கும்பிடாத சாமி இல்லை, செலுத்தாத நேர்த்திக்கடன் இல்லை, கடைசியில் கேட்ட வரம் தன் காலடியில், தான் மிதித்து நடந்த உவர்த் தண்ணீரிலேயே வந்து நிற்கிறது என்று நினைத்து, இரண்டு கையாலும் அந்த உப்பை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டாள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் மீன்குழம்புகள் கெட்டன. அந்தப் பாத்தி உப்பு தெரியாமல் கலந்து நான்கைந்து வீடுகளில் மத்திக் குழம்பு பாயசமாகிப் புருசன் பெண்சாதி சண்டை வந்தது. அடுத்த வாரம், அதை உப்பு என்று சொல்வதா, சீனி என்று சொல்வதா என்று டீக்கடையில் ஒரு வழக்கு நடந்து, அளத்தில் விளைந்ததால் உப்பு, இனிப்பதால் இனிப்பு, ஆகவே இனிப்புப்பு என்று தீர்ப்பாகி, வாய் வசதிக்காக 'இனுப்பு' என்று சுருங்கியது. விற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, விற்க யாருக்கும் தோன்றவில்லை; வேண்டியவர்கள் கிண்ணத்தோடு வந்து வைரக்கண்ணுவிடம் வாங்கிப்போனார்கள்.

ஆனால் பிள்ளைக்கு அதைக் கொடுக்க ராசாம்பாள் பயந்தாள். இனிப்பது எல்லாம் விஷம் என்று வருசக்கணக்கில் பழகிய கை, கிண்ணத்தருகே போய்ப் போய்த் திரும்பியது. அப்போதுதான் சேக் தாவூது முன்வந்தார். அவருக்குச் சர்க்கரையால் கால் விரல் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. தன் கடை டீயைத் தானே சப்பென்று குடிக்கிற மனிதர்.

"முதல்ல என் மேல போட்டுப் பாரு தங்கச்சி. டவுன்ல சீனிக்குப் பதிலா விக்கிற மாத்திரையும் போட்டுப் பாத்துட்டேன், சீனித்துளசித் தூளும் போட்டுப் பாத்துட்டேன். டீ இறங்கினதுக்கப்புறம் நாக்குல ஏதோ ஒண்ணு நிக்குது, அது எனக்கு ஒத்துக்கல. இது என்ன பண்ணுதுன்னு பாப்போம். விரல் போனவனுக்கு என்ன பயம்?"

கிராம நர்ஸ் லில்லி புஷ்பம் தன் மெசினோடு டீக்கடைக்கே வந்தாள். வெறும் வயிற்றில் தாவூதின் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். இனுப்பு போட்டுப் பால் இல்லாத டீ கொடுத்து, ஊரே சுற்றி நின்று பார்க்க, மறுபடியும் மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். ஏறவில்லை. கொஞ்சத்தைப் பொட்டலம் கட்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டு, உப்பும் இல்லை, சீனியும் இல்லை, கெடுதலும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

லில்லிக்குச் சந்தோசம்தான். ஆனால் அவள் வேலை சந்தோசத்தோடு முடிகிற வேலை இல்லை. "டீயிலயும் பாயசத்துலயும் சீனிக்குப் பதிலா இதைப் போடுங்க, நல்லது. அதுக்காக நோய் போயிருச்சுன்னு நினைக்காதீங்க. சோறு சோறுதான். மாத்திரை மாத்திரைதான்" என்று வீடு வீடாகச் சொன்னாள். ராசாம்பாள் வீட்டில் மட்டும் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொன்னாள்: "அக்கா, தாரணிக்குக் குடுங்க, பயப்படாம குடுங்க. ஆனா ஒண்ணு. இது இனிப்பு, சீனி இல்ல. அவளுக்கு வேர்த்துப் படபடப்பு வந்தா இது கேக்காது. சீனி டப்பா பரண்ல இருக்கட்டும்."

"இருக்கும்மா, அது எப்பவும் இருக்கும்" என்றாள் ராசாம்பாள். அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

அன்று சாயந்திரம் கேசரி கிண்டினாள். நெய் மணம் அந்த வீட்டுக்கே புதுசாக இருந்தது. தாரணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு துளி எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள், மூடிய கண் வெகுநேரம் திறக்கவில்லை, வைரக்கண்ணு பயந்துபோய், "எம்மா, என்னா செய்யுது?" என்று கேட்டான்.

"தொண்டையில இல்லப்பா, நாக்குலயும் இல்ல" என்றாள் தாரணி, கண்ணைத் திறக்காமலே. "காதுக்குப் பின்னாடி இனிக்குது."

அந்தக் கோடையைப்போல ஒரு கோடை உவர்க்கோட்டகத்துக்கு வந்ததில்லை. வருசக்கணக்கில் வெறும் டீ குடித்த கிழவர்கள் தாவூது கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, குடித்து முடிக்க மனசில்லாமல் ஆற விட்டுக் குடித்தார்கள். பெண்சாதிக்குத் தெரியாமல் வைக்கோல்போருக்குள் ஜிலேபி ஒளித்துவைத்துத் தின்கிற பழக்கமுள்ள சித்திரவேலு, ஒளிக்கத் தேவையில்லாமல் போனதால் இரண்டு நாள் எதையோ தொலைத்தவன்போலத் திரிந்துவிட்டு, பிறகு பெண்சாதியோடு சேர்ந்து தின்னத் தொடங்கினான், முப்பது வருசத்துக்கு அப்புறம் இருவரும் பேசிச் சிரிக்கிற சத்தம் அந்த வீட்டிலிருந்து வந்தது. சாகும்போது ஒரு வாய் பாயசம் கேட்டுக் கிடைக்காமல் போன புருசனின் படத்துக்கு முன்னால், கோமளம் இனுப்புப் பாயசத்தை வைத்துவிட்டு, "இப்பக் குடிங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேறு ஊர்களிலிருந்தும் வந்தார்கள். கண் மங்கியவர்கள், கால் மரத்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள். யாரும் வெறுங்கையோடு போகவில்லை. பாத்தி வாரவார விளைந்தது.

ஊர் ஒரு சந்தோசத்துக்குப் பழகிவிட்டால் அதற்கு ஒரு சடங்கு வேண்டும். ஆடி மாசம் அம்மனுக்குக் காப்புக் கட்டுகையில், கோயில் வாசலில் கூடிய கூட்டத்தில் பேச்சு எழுந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று பிறகு ஒருவருக்கும் நினைவில்லை. அந்தப் பிள்ளையின் பாத்தியில்தானே அம்மன் இதைக் கொடுத்தாள், அந்தப் பிள்ளைக்கு ஆகாத ஒன்று இந்த ஊரில் எதற்கு, இனி எல்லை தாண்டிச் சீனி உள்ளே வரக்கூடாது, இருப்பதையும் வெளியே அனுப்பிவிடுவோம் என்று ஒரு குரல் சொல்ல, ஆமாம் என்று ஊரே சொன்னது. அதில் பொல்லாப்பு ஒன்றும் இல்லை. அவ்வளவும் பிரியம்.

வீடு வீடாகச் சீனி வந்தது. பொட்டலமாய், டப்பாவாய், மளிகைக்கடை மூட்டையாய், ரேசன் பையாய் வந்து அம்மன் வாசலில் குவிந்தது. அதை வண்டியிலேற்றி வெளியூர் அன்னதானத்துக்கு அனுப்பினார்கள். வெல்லமும் போயிற்று, கற்கண்டும் போயிற்று. தேன் வைத்திருந்தவர்கள் தேனையும் கொண்டுவந்தார்கள். பெண்கள் தாரணியைக் கூட்டத்துக்கு நடுவில் நிற்க வைத்துத் தலைநிறையப் பூ வைத்தார்கள். ராசாம்பாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் ஒரு பிள்ளைக்காக ஓர் ஊரே தன் அடுப்படியைத் துடைத்து வைக்கிறது. அப்படி இருக்கத் தன் பரணில் மட்டும் ஒரு டப்பாவை ஒளித்துவைத்தால் அது அம்மனுக்கும் துரோகம், ஊருக்கும் துரோகம் என்று பட்டது. வீட்டுக்குப் போனாள். பரணை அண்ணாந்து பார்த்துக் கொஞ்சம் நின்றாள். நர்ஸம்மாவின் முகம் வந்தது. அடுத்த வாரம் டவுனிலிருந்து கொஞ்சம் வாங்கி யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வோம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். டப்பாவை எடுத்துவந்து குவியலில் கொட்டினாள். பாவாடைப் பையிலிருந்த முடிச்சையும் அவிழ்த்துக் கொட்டி, வெறும் கைக்குட்டையைத் தர மனசில்லாமல் அதில் இனுப்பை முடிந்து கொடுத்தாள்.

அடுத்த வாரம் டவுனுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனாள், மறந்துவிட்டாள். பிறகு மறந்தது என்பதையே மறந்துவிட்டாள். லில்லி புஷ்பத்தையும் அந்த நேரம் பார்த்து வேறொரு கிராமத்துக்கு மாற்றியிருந்தார்கள். தாரணிக்கு இடையில் ஒன்றிரண்டு தரம் லேசாகத் தலைசுற்றியபோது கையில் சோறோ இட்டிலியோ இருந்தது, தின்றதும் சரியாயிற்று. கூடவே இனுப்பும் தின்றிருந்தாள். எது சரியாக்கியது என்று யாரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது.

கரை தாண்டிய கடல் அளத்தை மூடி, ரோட்டை மூடி, ஊரை ஒரு தீவாக்கிவிட்டு மறுநாள் காலை ஒன்றும் தெரியாததுபோல வெயில் அடித்தது. வாழைகள் எல்லாம் முறிந்து மிதந்தன. கரண்டு இல்லை, செல்போன் இல்லை. தாரணி வழக்கம்போல எழுந்து, தாவூது மண்பானைத் தண்ணீரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த குப்பியை வாங்கிவந்து, வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டாள். விறகு நனைந்திருந்தது. ராசாம்பாள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், ஊத ஊதப் புகைதான் வந்தது.

"அம்மா, கோமளம் அத்தை ஆடு ரெண்டு தண்ணியில நிக்குது. புடிச்சுக் குடுத்துட்டு வந்துடுறேன்."

"சாப்ட்டுட்டுப் போ புள்ள."

"நீ ஆக்குறதுக்குள்ள வந்துருவேன்."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தோளில் தூக்கி மேட்டில் விட்டுவிட்டு, குட்டி ஒன்றைக் காணோமென்று மறுபடியும் இறங்கித் தேடி எடுத்துக்கொண்டு அவள் வீடு வந்தபோது, நெற்றியில் வழிந்தது வெள்ளத் தண்ணீர் இல்லை, வேர்வை. கை நடுங்கியது. உலையில் அப்போதுதான் அரிசி விழுந்திருந்தது.

"அம்மா, வருது" என்றாள்.

ராசாம்பாள் பதறவில்லை. இது அவளுக்குத் தெரிந்த ஆபத்து, இதற்கு மருந்தும் தெரியும். செம்பில் தண்ணீர் எடுத்து, கை நிறைய இனுப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி வாயில் வைத்தாள். தாரணி முழுவதையும் குடித்தாள்.

"இனிக்குதாடி?"

"இனிக்குதும்மா."

"செத்த நேரத்துல சரியாப் போயிரும். சாஞ்சுக்க."

சரியாகவில்லை. இன்னும் ஒரு செம்பு கரைத்தாள், இன்னும் கெட்டியாக. தாரணி குடித்துவிட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு வாயின் ஒரு பக்கமாகப் போயிற்று. "ரொம்ப இனிக்குதும்மா" என்றாள், சொல் குழறியது. ராசாம்பாள் வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள். ஊர் ஓடிவந்தது. ஒவ்வொருவர் கையிலும் தங்கள் வீட்டு இனிப்பு இருந்தது. சித்திரவேலு பெண்சாதி ரவாலட்டை உதிர்த்துப் பாலில்லாமல் தண்ணீரில் கரைத்து வந்தாள், அதில் ரவை கொஞ்சம், இனுப்பு மிச்சம். கோமளம் இனுப்பு மிட்டாயை நுணுக்கிக் கொண்டுவந்தாள். ஊரின் அத்தனை இனிப்பும் அந்தச் சின்ன வாய்க்குள் போயிற்று. அவள் ஒவ்வொன்றையும் விழுங்க முயன்றாள், பிறகு முயலவில்லை.

சேக் தாவூது முழங்கால் தண்ணீரில் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அந்த ஊரிலேயே முதல் முறையாக ஒரு மனிதர் அந்த இனிப்புக்கு முகம் வெளுத்தார்.

"இது சீனி இல்ல தங்கச்சி!" என்று அலறினார். "இது ஏறாதுன்னுதானே என் விரல்ல குத்திப் பாத்தோம்! சீனி வேணும். உண்மையான சீனி. யார் வீட்டுல இருக்கு?"

யார் வீட்டிலும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆடியில் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டே கொட்டியதுதானே. ஆனாலும் ஓடினார்கள். பானைகளைக் கவிழ்த்தார்கள், பழைய டப்பாக்களின் மூலைகளைச் சுரண்டினார்கள், மளிகைக்கடைக்காரர் காலிச் சாக்கை உதறி உதறிப் பார்த்தார். யாரோ உலையிலிருந்து வேகாத கஞ்சித் தண்ணீரை வடித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைக்கு நினைவு தப்பியிருந்தது. ஊற்றினால் புரையேறும் என்று தாவூது கையைத் தட்டிவிட்டார்.

வைரக்கண்ணு மகளைத் தூக்கிப் படகில் போட்டான். சித்திரவேலு தள்ளினான். ராசாம்பாள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் அவள் உதட்டைத் துடைத்துத் துடைத்து விட்டாள். உதடெல்லாம் பிசுபிசுவென்று இனிப்பு. மூழ்கிய அளத்தின்மேல், எது எவர் பாத்தி என்று தெரியாத ஒரே வெள்ளத்தின்மேல் படகு போயிற்று. மேட்டு ரோட்டில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், வெள்ள நிவாரணத்துக்கு என்று அனுப்பப்பட்டிருந்த லில்லி புஷ்பம் படகில் ராசாம்பாளையும் மடியில் பிள்ளையையும் பார்த்ததுமே குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஓடிவந்தாள். நரம்பைத் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். பிறகு ராசாம்பாளின் கையை எடுத்துத் தாரணியின் மார்பில் வைத்துவிட்டு, பாட்டிலைக் கையில் பிடித்தபடியே தண்ணீரில் நின்று அழுதாள்.

ஊர் அதற்கப்புறம் பேசுவதைக் குறைத்துக்கொண்டது. கருமாதிக்குள் தண்ணீர் வடிந்தது. ரோடு திறந்த அன்றைக்கே ஆண்கள் டவுனுக்குப் போய், ஒவ்வொரு வீட்டுக்கும் சீனி வாங்கிவந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாங்கிவந்தார்கள். சிலர் அதில் ஒரு பொட்டலத்தை ராசாம்பாள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே வந்து என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை. சேக் தாவூது டீயைப் பழையபடி சப்பென்றே குடித்தார். "உங்க மேல என்னாண்ணே தப்பு?" என்று ராசாம்பாள் ஒருநாள் கேட்டாள். "நான்தானே தங்கச்சி முதல்ல நல்லாருக்குன்னு சொன்னேன்" என்றார் அவர்.

அவளைக் குற்றம் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அந்தப் பேச்சை எடுத்த ஒரே ஆள் லில்லி புஷ்பம். அவளும், டப்பா எங்கே என்று கேட்கவில்லை, "நான் இன்னொரு தரம் வந்து சொல்லியிருக்கணும்க்கா" என்றுதான் சொன்னாள்.

தை பிறந்து அளத்தைச் சீர்செய்து கடல்நீர் கட்டினார்கள். இனி அந்தப் பாத்தி உப்பாகிவிடும் என்று ஊர் நம்பியது. தப்பு செய்த பாத்திக்கு அந்த அளவு வெட்கமாவது இருக்காதா என்று நினைத்தார்கள். முதல் உப்புப் பூத்தது. வைரக்கண்ணு போய்க் கிள்ளி நாக்கில் வைத்தான்.

அது போன வருசத்தைவிட இனித்தது.

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பை வெட்டத் தொடங்கினான். ஆத்திரம் இல்லை, நிதானமாக, ஒரு குழி தோண்டுகிறவன்போல வெட்டினான். ராசாம்பாள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"விடுங்க" என்றாள்.

"எதுக்கு ராசாம்பா? இது எதுக்கு நமக்கு?"

"கேசரி தின்னா. கண்ண மூடிக்கிட்டுத் தின்னா." அவள் குரல் உடையவில்லை. "அந்தப் பங்குனியிலேருந்து எம்புள்ள சிரிச்ச சிரிப்பெல்லாம் இதுதான். அத வெட்டாதீங்க. மறந்தது நான். இது எதையும் மறைக்கல, இது சீனின்னு ஒருநாளும் சொல்லல."

வைரக்கண்ணு மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வெட்டிய வரப்பிலேயே உட்கார்ந்து, பிள்ளை செத்ததிலிருந்து அழாத அழுகையை அழுதான். அவள் குனிந்து, சேற்றை அள்ளி அள்ளி உடைப்பை அடைத்தாள்.

அந்தச் சித்திரையில் எங்கிருந்தோ ஒரு பெண் வந்தாள். பஸ் மாறி பஸ் மாறி வந்தவள், இடுப்பில் ஒரு சின்னப் பெண் குழந்தை. நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்த யாரும் வழியில் சொல்லவும் இல்லை. அளத்து வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவள்போல வந்தாள்.

"இனிக்கிற உப்பு இங்கதான் கெடைக்கும்னாங்கக்கா. பாப்பாவுக்கு ஊசி போடுறோம். ரெண்டு வயசுலேருந்து. பொறந்தநாளுக்கு ஒரு பாயசம் வச்சுக் குடுக்கலாம்னு."

ராசாம்பாள் குழந்தையைப் பார்த்தாள். அதன் தொடையில் ஊசி போட்ட தடம். வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். ஒரு பையில் இனுப்பைக் கட்டினாள். இன்னொரு பையில் சீனியைக் கட்டினாள். இரண்டையும் அந்தப் பெண்ணின் மடியில் வைத்து, அவள் வாயைத் திறக்கச் சொல்லி ஒன்றைப் போட்டாள், பிறகு மற்றதைப் போட்டாள்.

"வித்தியாசம் தெரியுதா?"

"இல்லக்கா. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"நாக்குக்குத் தெரியாது. நீதான் தெரிஞ்சுக்கணும். இது சந்தோசத்துக்கு. தினம் குடு, வாய் நிறையக் குடு. இது உயிருக்கு. வேர்த்துச்சுன்னா, கை நடுங்குச்சுன்னா, பேச்சு மாறுச்சுன்னா, இது. சொல்லு."

அந்தப் பெண் சொன்னாள்.

"இன்னொரு தரம் சொல்லு. அது இல்லாம வாசல் தாண்டக் கூடாது. யார் என்ன சொன்னாலும், சாமியே வந்து சொன்னாலும், கொட்டக் கூடாது. சொல்லு."

அந்தக் குரலில் இருந்த எதற்கோ பயந்து அந்தப் பெண் மறுபடியும் மறுபடியும் சொன்னாள், தாய் சொல்வதைக் கேட்டுக் குழந்தையும் மழலையில் சொல்லிற்று. ராசாம்பாள் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தாள். குழந்தையைத் தான் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பஸ் வந்ததும் கொடுத்தாள். படியில் ஏறி நின்றுகொண்டு அந்தப் பெண், கண் கலங்கி, இரண்டு பையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க புண்ணியவதிக்கா. இந்தக் கைக்கு உங்க புள்ளைங்க ஒரு கொறையும் இல்லாம நூறு வருசம் நல்லா இருக்கும்."

ராசாம்பாள் படிக்கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

"சரிம்மா" என்றாள். "பாத்துப் போங்க."

பஸ் போனபின்பும் அவள் அந்தப் புழுதியிலேயே நின்றாள். பிறகு, வெயில் ஏறுவதற்குள் வாரிவிட வேண்டுமே என்று அளத்தைப் பார்த்து நடந்தாள்.